பச்சிளங்குழந்தையின் காமாலையைக் கண்காணிப்பது எப்படி: நீலகிரிக் குடும்பங்களுக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும்

பிறந்து இரண்டு வாரம் கடந்த பின்னும் குழந்தையின் கண் மஞ்சளாகவே இருந்தால் எதைப் பார்க்க வேண்டும், எந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும், எத்தனை நாளுக்குள் மலையிறங்க வேண்டும் என்பதை நீலகிரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கும், அவர்களை வீடு தேடிச் சென்று பார்க்கும் செவிலியருக்கும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். பிறந்த அன்றே போடும் ஒரு தடுப்பூசி கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கும் விதத்தையும், அதை இந்த மலையில் எப்படிக் காக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இவற்றுள் பெரும்பகுதிக்கு அடிப்படையாக இருப்பவை, தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் குழந்தைகளின் கல்லீரல் நோய்களை ஆராய்ந்த சாங் மெய்-ஹ்வெய் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் செய்த இரண்டு பணிகள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிரான அந்தத் தடுப்பூசி வந்த பிறகு சிறார்களின் கல்லீரல் புற்றுநோய் குறைந்ததை அந்த அம்மையாரின் குழு 1997-இல் எண்களோடு நிறுவியது. பித்தநாள அடைப்போடு பிறக்கும் குழந்தையை, மலத்தின் நிறத்தைப் பார்த்துத் தாயே கண்டுபிடிக்க உதவும் வண்ண அட்டையைத் தைவான் முழுவதும் கொண்டு சென்றதும் அதே குழுதான். இரண்டு பணிகளும் வீட்டிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய காரியங்களையே நம்பி நிற்கின்றன. குழந்தைகளின் கல்லீரலுக்கென்று தனிப்பிரிவு உள்ள மருத்துவமனைகள் எல்லாம் சமவெளியில் இருக்க, மலை மேல் வாழும் நமக்கு இவற்றைக் காட்டிலும் பொருத்தமான ஆய்வுகள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நோய் என்ன, அவசரம் ஏன்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் நாளங்கள் வழியாகக் குடலுக்கு வந்து சேர்கிறது. மலத்துக்கு மஞ்சளோ பச்சையோ நிறம் வருவது அதனால்தான். சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் இந்த நாளங்கள் அழற்சியால் தூர்ந்து போகின்றன. பித்தநாள அடைப்பு, அதாவது பிலியரி அட்ரீசியா, எனப்படும் இந்த நோய் பல நாடுகளில் 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. தைவானில் இதைவிட அதிகம். வெளியேற வழியில்லாமல் தேங்கும் பித்தநீர் கல்லீரலைச் சிதைக்கிறது, சில மாதங்களிலேயே கல்லீரல் இறுகிச் சிரோசிஸ் ஆகிவிடுகிறது. சிகிச்சையே கிடைக்காவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இதற்கு முதன்முதலில் வழி கண்டவர் ஜப்பானின் சென்டாய் நகரில், தோஹோகு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் மோரியோ காசாய். தூர்ந்த நாளங்களை அகற்றிவிட்டு, சிறுகுடலின் ஒரு துண்டை மேலே கொண்டுவந்து கல்லீரலின் வாயிலிலேயே நேரடியாகத் தைக்கும் அறுவையை அவர் 1955-இல் செய்து, 1959-இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். இன்றுவரை உலகெங்கும் இந்த நோய்க்கு முதல் சிகிச்சை அதுவே. ஆனால் அது நாள் பார்த்துப் பலன் தரும் அறுவை. குழந்தைக்கு 60 நாள் நிறைவதற்குள் செய்தால் பித்தநீர் மீண்டும் ஓடுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. 90 நாளைத் தாண்டினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே இக்கட்டுரையில் வரும் ஒவ்வொரு அறிவுரையையும் 60 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

இந்த நோயுள்ள குழந்தை முதல் மாதத்தில் நோயாளியாகத் தோன்றாது என்பதுதான் பெரிய இடர். நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், சிரிக்கவும் தொடங்கும். கண்ணில் மட்டும் இலேசான மஞ்சள் நிற்கும். பச்சை உடம்புக்காரியான தாயும் வீட்டுப் பெரியவர்களும் குழந்தை கொழுகொழுவென்று இருப்பதைக் கண்டு நிம்மதியடைவது இயல்பே. அந்த நிம்மதி நியாயமானதுதானா என்பதை மலமும் சிறுநீரும்தான் சொல்லும்.

மலத்தின் நிறத்தைப் பார்க்கும் முறை

பிறந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் குழந்தை கரும்பச்சையாகப் போகும். அது கழிந்த பிறகு தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் கடுகு அரைத்த மஞ்சளாக இருக்கும்; பச்சையாக இருந்தாலும் பழுப்பாக இருந்தாலும் கவலையில்லை, ஏனெனில் அந்த நிறங்கள் எல்லாமே பித்தநீர் குடலுக்கு வந்து சேர்கிறது என்பதற்கு அடையாளம். சுண்ணாம்பு வெள்ளை, களிமண் சாம்பல், வெளிறிய பாலேட்டு நிறம், மிக இளமஞ்சள் ஆகியவையே எச்சரிக்கை நிறங்கள். இவற்றுள் சுண்ணாம்பு வெள்ளையை யாரும் தவறவிடுவதில்லை. வெளிறிய இளமஞ்சளைத்தான் ‘மஞ்சளாகத்தானே போகிறது’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எனவே சந்தேகம் வந்தால் அதைக் கெட்ட நிறமாகவே எண்ணிக்கொண்டு அடுத்த படிக்குச் செல்வது நல்லது.

பார்க்கும் வெளிச்சம் முக்கியம். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும் குளிருக்காகச் சன்னல்களை அடைத்து வைத்திருக்கும் ஹட்டி எனப்படும் படகர் ஊர்களின் வீடுகளிலும் பகலிலேயே விளக்கெரிவது உண்டு. மஞ்சள் ஒளி தரும் பல்பின் கீழ் வெளிறிய மலமும் மஞ்சளாகவே தெரியும். குழந்தையின் கண்ணில் உள்ள மஞ்சளோ கண்ணுக்குப் படாமல் போகும். ஆகையால் துணியை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெயில் அடிக்க வேண்டும் என்பதில்லை, மூடுபனி நாளின் வெளிச்சமே போதும். மேற்பரப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் ஒரு குச்சியால் கிளறி உட்புறத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் காமாலையுள்ள குழந்தையின் சிறுநீர் படிந்து, வெளிறிய மலத்தின் மேல்பகுதி மஞ்சளாகக் காணப்படலாம். கைபேசியில் படம் எடுத்து வைப்பதாக இருந்தால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஃபிளாஷ் போடாமல், அதே வாசல் வெளிச்சத்தில் எடுத்தால் மருத்துவருக்கு அது பயன்படும். துணியையே ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து எடுத்துச் சென்று காட்டுவது இன்னும் மேலானது. அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சிறுநீரையும் கூடவே பார்க்க வேண்டும். பச்சிளங்குழந்தையின் சிறுநீர் ஏறத்தாழ நிறமற்றதாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை படிந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தடை இருக்கிறது. கூடலூர், பந்தலூர், குந்தா பக்கங்களில் ஜூன் தொடங்கிச் சில மாதங்களும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் துவைத்த துணி நாள்கணக்கில் காயாது என்பதால் வசதியுள்ளவர்களும் இல்லாதவர்களும் டயப்பருக்கு மாறிவிடுகிறார்கள். டயப்பர் சிறுநீரை உறிஞ்சி நிறத்தை மறைத்துவிடும். அத்தகைய நாட்களில் தினம் ஒரு முறையேனும் வெள்ளை வேட்டித் துணியின் ஒரு துண்டை டயப்பருக்குள் வைத்து எடுத்துப் பார்க்கலாம்.

கண்ணைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. பிறந்த குழந்தை பெரும்பாலும் கண்ணை மூடியே இருக்கும், இமையை விரலால் பிரிக்க முயன்றால் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, தலையைத் தாங்கியபடி மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்தால் தானாகவே கண் திறக்கும். மாநிறமும் கருநிறமும் உள்ள குழந்தைகளுக்குத் தோலை நம்பாமல் கண்வெள்ளையையும் ஈறையும் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் பார்த்துவிட்டு விட்டுவிடவும் கூடாது. பித்தநாள அடைப்புள்ள குழந்தைகளுள் சிலருக்கு முதல் சில வாரம் மலம் நல்ல நிறத்திலேயே இருந்து, நாளங்கள் முழுதும் தூர்ந்த பிறகே வெளிறுகிறது. வீட்டுப் பார்வைக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வரும் செவிலியர் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பதோடு ‘குழந்தை எந்த நிறத்தில் போகிறது?’ என்று கேட்டு, முடிந்தால் நேரில் பார்த்து, தாய்-சேய் நல அட்டையின் ஓரத்தில் தேதியோடு ஒரு சொல் எழுதிவைத்தால் அதுவே பெரிய ஆவணமாகிவிடும். தைவானில் சாங் குழுவினர் செய்தது ஏறக்குறைய இதுதான். பல நிறங்களில் மலத்தின் படங்களை அச்சிட்ட அட்டையை முதலில் சில இடங்களில் சோதித்துப் பார்த்து, 2004-இல், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தரப்படும் உடல்நலக் கையேட்டிலேயே சேர்த்தார்கள். 60 நாளுக்குள் காசாய் அறுவை பெற்ற குழந்தைகளின் பங்கு 2004-இல் 60 விழுக்காடாக இருந்தது, மறு ஆண்டே 74.3 விழுக்காடாயிற்று. புதிய மருந்தோ புதிய கருவியோ இடையில் வரவில்லை. தாய்மார்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று அறிந்திருந்தார்கள், பார்த்ததை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் மாவட்டத்தின் தாய்-சேய் நல அட்டையிலும் இப்படி ஒரு படப்பக்கம் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

14-ஆம் நாளின் இரத்தப் பரிசோதனை

பிறந்த முதல் வாரத்தில் வரும் மஞ்சள் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானே மறைந்துவிடும். நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளுக்கு மேலும், குறைமாதக் குழந்தைக்கு 21 நாளுக்கு மேலும் மஞ்சள் நின்றால் இரத்தம் பார்க்க வேண்டும். மலம் வெளிறியிருந்தால் நாள் கணக்கே வேண்டாம், அன்றைக்கே பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் காமாலைக்கு மிகப் பொதுவான காரணம் தாய்ப்பாலோடு தொடர்புடைய, தீங்கற்ற காமாலைதான் என்பது உண்மையே. ஆனால் அது தீங்கற்றதுதானா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபினின் மொத்த அளவோடு, அதில் கல்லீரல் பக்குவப்படுத்திய பகுதியான நேரடி பிலிருபினின் அளவையும் இரத்தத்தில் பார்த்தால்தான் தெரியும். நேரடி பிலிருபின் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், மொத்த அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும், அக்குழந்தையைக் கல்லீரல் நோய்க்காக ஆராய்ந்தே ஆக வேண்டும்.

பெரிய டாக்டரிடம் கேள்வி கேட்கத் தயங்குவோர் நம்மிடையே மிகுதி. மரியாதை குறையாமல் இப்படிச் சொல்லலாம்: “டாக்டர், பாப்பாவுக்கு இன்னைக்குப் பதினஞ்சாவது நாள். கண்ணு இன்னும் மஞ்சளாவே இருக்கு, வெளிக்குப் போறதும் வெளுத்த மாதிரி தெரியுது. மொத்த பிலிருபினோட டைரக்ட் பிலிருபினும் பார்த்துச் சொல்லுங்க.” நாளையும் நிறத்தையும் பரிசோதனையின் பெயரையும் ஒன்றாகச் சொன்னால் எந்த மருத்துவரும் அதைப் புறந்தள்ளமாட்டார். முடிவு வந்ததும் அந்தத் தாளைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

காலையில் இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறோம். நேரடி பிலிருபின் மிகுந்த காமாலைக்கு வெயிலால் பயனில்லை, நீலவிளக்குச் சிகிச்சையும் அதற்குரியது அன்று. வயிற்றில் சூடு போடுவதைப் பற்றி ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: கூடாது. புண்ணும் சீழும் சேர்ந்து அறுவையைத் தள்ளிப்போடவே அது வழிசெய்யும்.

கீழாநெல்லியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மக்கள் அதன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு அறிவியல் வரலாறும் உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமியின் தடயத்தை 1960-களில் கண்டறிந்து, 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் புளும்பெர்க்கும், சென்னையின் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து, அக்கிருமியை நெடுநாளாகச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி இனத்து மூலிகையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1988-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. மூலிகை உண்டவர்களுள் 59 விழுக்காட்டினரிடம் கிருமியின் தடயம் மறைந்ததாக அது கூறியது. பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் மீண்டும் கிட்டவில்லை. அது எப்படியாயினும், அந்த ஆய்வு கிருமியைச் சுமப்பவர்களைப் பற்றியது. தூர்ந்து போன பித்தநாளத்தை எந்த மூலிகையும் திறக்காது. பச்சிளங்குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்ற பொதுவிதியும் இருக்கும்போது, ‘ஒரு மண்டலம் கொடுத்துப் பார்ப்போம்’ என்று காத்திருப்பது 60 நாளில் 48 நாளைக் கொடுத்துவிடுவதாகும்.

பழங்குடிக் குடும்பங்களுக்கு இன்னொரு குறிப்பு. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து சிதையும் சிக்கிள் செல் நோய் இந்தியாவில் 1952-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான். அந்நோயுள்ள பிள்ளைகளுக்கும் கண் மஞ்சளாகும் என்பதால், மூத்த பிள்ளைக்கு அது இருக்கும் வீட்டில் கைக்குழந்தையின் மஞ்சளையும் அதன் கணக்கில் எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. இரத்த அணுக்கள் சிதைவதால் வரும் மஞ்சளில் மலம் வெளிறாது. மலம் வெளிறியிருந்தால் வீட்டில் யாருக்கு என்ன நோய் இருந்தாலும் தனியாகவே ஆராய வேண்டும்.

மலையிறங்குவதற்கான ஏற்பாடு

நாட்களை 60-இலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வயிற்று ஸ்கேன், தேவைப்பட்டால் கல்லீரலில் ஊசி வழியே எடுக்கும் திசுச் சோதனை, நோய்த்தொற்றோ பாலிலுள்ள சர்க்கரையை உடல் பக்குவப்படுத்த முடியாத கேலக்டோசீமியா போன்ற பிறவிக் கோளாறோ காரணமா என்று பார்க்கும் சோதனைகள் எல்லாம் முடிய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். 14-ஆம் நாளில் இரத்தம் பார்த்து, மூன்றாவது வாரத்துக்குள் பெரிய மருத்துவமனையை அடைந்துவிட்டால், சாலை மறிபட்டாலும் படுக்கை கிடைக்கத் தாமதமானாலும் ஈடுகொடுக்க நாள் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு ஏற்பட்டால் போக்குவரத்து நின்றுபோவது நமக்குப் புதிதன்று. அப்போது கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும். கூடலூர், பந்தலூர்க் குடும்பங்கள் உதகைக்கு ஏறுவதா, கேரளப் பக்கம் இறங்குவதா என்பதை மருத்துவரிடம் கேட்டு, அறுவை எங்கே நடக்குமோ அந்த ஊருக்கே நேராகப் போவது நல்லது. உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரத்தமும் ஸ்கேனும் பார்த்து, பரிந்துரைக் கடிதத்தோடு கோயம்புத்தூருக்கோ, சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ செல்வது ஒரு வழி. சேருமிடத்தில் குழந்தை அறுவை மருத்துவர் இருக்கிறாரா, காசாய் அறுவை செய்கிறார்களா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். இல்லாத இடத்துக்குப் போய்த் திரும்புவதில் ஒரு வாரம் கரைந்துவிடும்.

புறப்படும் முன் வைட்டமின் கே ஊசி போடலாமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். பித்தநீர் குடலுக்கு வராத குழந்தையால் அந்த வைட்டமினை உணவிலிருந்து ஈர்க்க முடியாது, அதனால் இரத்தம் உறையாமல் மூளைக்குள்ளேயே கசியக்கூடும். தொப்புளிலிருந்தோ ஊசி போட்ட இடத்திலிருந்தோ இரத்தம் நிற்காமல் வந்தாலும், தோலில் கன்றிய தடங்கள் தோன்றினாலும் காலை வரை காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

தாய்-சேய் நல அட்டை, பிறப்புச் சான்றிதழ், இதுவரை எடுத்த இரத்த முடிவுகள், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வைத்துக்கொள்ளலாம். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருப்பதால், குழந்தையோடு தாய் முன்னே செல்ல, வீட்டில் ஒருவர் இங்கேயே தங்கி அந்த வேலையைப் பார்ப்பது நாளை மிச்சப்படுத்தும். மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கும்போது பர்லியாறு தாண்டியதும் குழந்தையின் கம்பளிச் சட்டையையும் குல்லாவையும் கழற்றிவிட வேண்டும். சமவெளி வெக்கையில் அவற்றோடு மருத்துவமனைக்குச் சேரும் குழந்தையின் உடல் சுடுவதைக் காய்ச்சல் என்று எண்ணிக் குழப்பம் நேரலாம். ஸ்கேனுக்குச் சில மணி நேரம் வெறும் வயிறு தேவைப்படும் என்பதால் நேரத்தை முன்பே கேட்டு, அதற்கேற்பப் பால் கொடுக்க வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் புகுந்த வீடு திரும்புகிறாள். பிறந்த ஊரின் செவிலியர் ஒருவர், திரும்பிவரும் ஊரின் செவிலியர் வேறொருவர். இடையில் குழந்தை யார் கணக்கிலும் இல்லாமல் போகிறது. அனுப்பும் செவிலியரே வாங்கும் செவிலியரைத் தொலைபேசியில் அழைத்துக் குழந்தையின் நாள், எடை, மல நிறம் மூன்றையும் சொல்லிவிட்டால் இந்த இடைவெளி அடைபடும். அரசாணைக்குக் காத்திராமல் நாளை காலையே தொடங்கக்கூடிய பழக்கம் இது.

பிறந்த 24 மணி நேரத்தில் போடும் ஊசி

கல்லீரல் புற்றுநோயைத் தடுக்க நம் கையில் இருக்கும் எளிய கருவி ஹெபடைடிஸ் பி தடுப்பூசி; மனிதருக்கு வரும் ஒரு புற்றுநோயைத் தடுப்பதாக நிறுவப்பட்ட முதல் தடுப்பூசியும் அதுவே. பிறக்கும்போது தாயிடமிருந்து அக்கிருமி தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடுகிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே நிலைக்கிறது. முதல் நாள் ஊசி இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுதான் காரணம்.

தைவான் 1984-இல் கிருமியுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஊசியைத் தொடங்கியது. 6 முதல் 14 வயது வரையுள்ள சிறாரில் கல்லீரல் புற்றுநோய் 1981 முதல் 1986 வரை ஆண்டுக்கு இலட்சத்துக்கு 0.70 என்று இருந்தது, 1990 முதல் 1994 வரை 0.36 ஆகக் குறைந்ததைச் சாங் குழுவினர் காட்டினார்கள். 2009-இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், ஊசி போட்ட தலைமுறையிலும் புற்றுநோய் கண்டவர்கள் யார் என்று ஆராய்ந்தபோது, மூன்று தவணையை முடிக்காதவர்களும் கிருமியுள்ள தாய்க்குப் பிறந்தவர்களும் அவர்களுள் மிகுந்திருந்தார்கள். ஆகவே பிறந்த அன்றும், பின்னர் 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசியாகவும் எல்லாத் தவணையும் முடிய வேண்டும். கருவுற்றிருக்கும்போதே தாய்க்கு ஹெபடைடிஸ் பி சோதனை நடந்து, கிருமி இருப்பதாகத் தெரிந்தால், கிருமிக்கு எதிரான எதிர்ப்புப்பொருளை நேரடியாகத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் இருக்கும் மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

செவிலியருக்கு இரண்டு குறிப்புகள். ஒரு குழந்தைக்காகப் பத்துத் தவணைக் குப்பியைத் திறப்பதா என்று தயங்க வேண்டாம். நம் நாட்டின் திறந்த குப்பி விதிப்படி, முறையாகக் குளிரில் வைத்தால் அதை 28 நாள் வரை பயன்படுத்தலாம். அடுத்தது நம் மலைக்கே உரியது. சமவெளியில் தடுப்பூசிக்குப் பகை வெப்பம். மார்கழி, தையில் உறைபனி விழும் உதகை, குந்தாப் பகுதிகளில் குளிரும் பகைதான். ஹெபடைடிஸ் பி, பெண்டாவேலன்ட் ஊசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் வலுவிழந்துவிடும். உறைபெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டிப் பைகளை, குலுக்கினால் உள்ளே நீர் அலம்பும் அளவுக்கு உருகவிட்டபின்தான் ஊசிப் பெட்டியில் வைக்க வேண்டும். இரவில் வாகனத்திலோ சூடில்லாத அறையின் சன்னலோரத்திலோ குப்பிகளை விட்டுவைக்கக் கூடாது.

வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய்களுள் முதன்மையானது ஹெபட்டோபிளாஸ்டோமா. இது ஹெபடைடிஸ் பி கிருமியால் வருவதன்று. மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் தாயோ பாட்டியோ எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது வலப்பக்க விலாவுக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்படுவதே முதல் அறிகுறி. அப்படித் தட்டுப்பட்டால் குடலேற்றம் என்று எண்ணி வயிற்றைத் தடவி எடுக்கவோ, உரம் விழுந்ததென்று துணியில் புரட்டவோ கூடாது. கட்டியை அழுத்தினால் உள்ளே இரத்தம் கசியலாம். அன்றோ மறுநாளோ ஸ்கேன் எடுத்து, இந்தக் கட்டி இருந்தால் பெரும்பாலும் உயரும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதத்தின் அளவை அறியும் இரத்தச் சோதனை செய்ய வேண்டும். பிறந்த குழந்தைக்கு அந்த அளவு இயல்பாகவே மிக உயர்ந்திருக்கும் என்பதால் வயதுக்கேற்ற அளவோடு ஒப்பிட்டுத்தான் அதைப் படிக்க வேண்டும். தாளில் அச்சிட்ட பெரியவர்களுக்கான எண்ணைப் பார்த்துப் பெற்றோர் கலங்க வேண்டாம்.

இந்தப் புற்றுநோயைக் கேட்டவுடன் நம்பிக்கையிழப்பது தவறு. சிஸ்பிளாட்டின் என்ற மருந்தும் அறுவையும் சேர்ந்து பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றுகின்றன. அம்மருந்து செவித்திறனைக் குறைக்கும் என்பதே பெரிய குறையாக இருந்தது. மருந்து கொடுத்து ஆறு மணி நேரம் கழித்துச் சோடியம் தயோசல்ஃபேட் செலுத்தினால், செவி பாதிக்கப்படும் குழந்தைகளின் பங்கு 63 விழுக்காட்டிலிருந்து 33 ஆகக் குறைவதாக, பல நாடுகள் சேர்ந்து நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சிகிச்சை தொடங்கும் முன் செவிச் சோதனை செய்தீர்களா, இந்த மருந்து நம் குழந்தைக்குப் பொருந்துமா என்ற இரண்டையும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்கலாம்.

அறுவைக்குப் பின் வீட்டில்

காசாய் அறுவை முடிந்து மலை திரும்பிய குழந்தைக்கு முதல் ஓராண்டில் காய்ச்சல் என்பது சாதாரணக் காய்ச்சல் அன்று. குடலிலிருந்து கிருமிகள் பித்த வழியே ஏறிக் கல்லீரலைத் தாக்கும் கொலாஞ்சைட்டிஸ் வரக்கூடும் என்பதால், உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் ஆனாலோ மலம் மீண்டும் வெளிறினாலோ சிரப் கொடுத்துக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வீட்டில் ஒரு வெப்பமானி இருந்தே ஆக வேண்டும். குளிர்ந்த கையால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை நம்ப முடியாது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் பித்த ஓட்டத்துக்கு உதவும் உர்சோடியாக்சிகோலிக் அமில மருந்தையும் மருத்துவர் நிறுத்தச் சொல்லும் வரை கொடுத்துவர வேண்டும். பித்தநீர் குறைவாக இருந்தாலும் செரிக்கக்கூடிய நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு தேங்காய் எண்ணெயில் இருப்பதால், இணை உணவு தொடங்கியபின் அதை எவ்வளவு சேர்க்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நன்றாக நடந்த அறுவைக்குப் பின்னும் பல குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் கல்லீரல் மாற்று தேவைப்படுகிறது. பெற்றோருள் ஒருவர் தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தரலாம், தந்தவரின் கல்லீரல் மீண்டும் வளர்ந்துவிடும். இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றப்பட்டது முதன்முதலில் 1998-இல், தில்லியில். பித்தநாள அடைப்போடு பிறந்த தமிழ்நாட்டுக் குழந்தைக்குத்தான் அது செய்யப்பட்டது. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகியிருப்பது, இந்த நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்டுத் திகைத்து நிற்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் செய்தி. மாற்று அறுவை வரலாம் என்று தெரிந்தால் தட்டம்மை உள்ளிட்ட தடுப்பூசிகளை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனெனில் பின்னர் எடுக்கும் எதிர்ப்புச் சக்திக் குறைப்பு மருந்துகளின் போது உயிருள்ள தடுப்பூசிகளைப் பொதுவாகப் போட மாட்டார்கள்.

சொந்தக் கல்லீரலோடு வளரும் குழந்தைக்கு அதில் சிரோசிஸ் இருந்தால் புற்றுநோய் வரும் சிறிய வாய்ப்பும் கூடவே இருக்கிறது. பிறவியிலேயே டைரோசினீமியா போன்ற வளர்சிதைக் கோளாறு உள்ள குழந்தைக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம், அதற்கான நிட்டிசினோன் மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் பெருமளவு குறைகிறது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும், அல்லது மருத்துவர் குறிக்கும் இடைவெளியில், ஸ்கேனும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதச் சோதனையும் தவறாமல் நடக்க வேண்டும். குழந்தை பள்ளிக்கு ஓடியாடிப் போகத் தொடங்கியதும் இது நின்றுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. தோட்ட வேலையில் ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவும் சேரும் என்பதை நான் அறியாமல் சொல்லவில்லை. அடிப்படை ஸ்கேனையும் இரத்தம் எடுப்பதையும் உதகையிலேயே முடித்து, முடிவுகளை மட்டும் அறுவை செய்த மருத்துவமனைக்கு அனுப்பிக் காட்டும்படி அந்த மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொண்டால், ஆண்டில் ஒரு முறை மலையிறங்கினால் போதும் என்ற ஏற்பாட்டைப் பல மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.